மாடி அறையில் ஒரு போக்கர் போட்டி

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு என் கணவர் மாடி அறைக் கதவை வெளியே தாழிட்டுவிட்டுக் கடத்தூருக்குக் கிளம்பினார். அதியமான்கோட்டையில் எங்கள் தெருவில் குரங்குத் தொல்லை அதிகம். வெளியே கிளம்புகிறவர் மாடிக் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டுத்தான் போவார். கை தானாகப் போய்விடும். அன்று உள்ளே நானும் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகளும் இருந்தோம். தாழ் விழுந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. டிவியில் அப்போதுதான் ஒருவன் தன் மொத்தக் காயினையும் நடுவில் தள்ளியிருந்தான். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

அவளுடைய கேம் கன்சோலில் போக்கர் போட்டி. "நெஜ டோர்னமென்ட் மாதிரியே இருக்கும்மா, வந்து பாரு" என்று அவள்தான் கூப்பிட்டாள். நான் நிஜப் போட்டியைப் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பும்படி இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டவன் சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு நெடுநேரம் யோசித்தான். சீட்டைப் பார்க்கும் முன்பே, முறை வருகிறவர் கட்டாயமாக வைக்க வேண்டிய காயின் ஒன்று உண்டு, பிளைண்ட் என்கிறார்கள். நேரம் ஆக ஆக அது ஏறும். ஆள் எழுந்து போனாலும் ஆட்டம் நிற்காது, அவர் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மகள் ஆட்டத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் சாப்பிடக் கீழே வருவாள். அன்றும் சத்தம் மட்டும் ஓடுகிறது, அறையில் யாருமில்லை என்று என் கணவர் நினைத்திருக்கிறார்.

டீ போடலாம் என்று எழுந்தபோதுதான் கதவு திறக்கவில்லை என்று தெரிந்தது. என் போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. அவளுடையது ரிப்பேர் கடையில். இரண்டு முறை தோளால் மோதினேன். இரும்புக் கதவு.

"விடும்மா. கதவு ஒடையாது, நீதான் ஒடைவ."

அதுவரை எனக்கும் சிரிப்புதான். பிறகு பின்பக்கக் காலி மனையில் யாரோ குப்பைக்குத் தீ வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் புகை வந்தது. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. இருமல் தொடங்கியதும் கையை நீட்டினாள். இன்ஹேலர் கீழே, ஃபிரிட்ஜ் மேல்.

ஜன்னலைச் சாத்தினால் கத்துவது யாருக்கும் கேட்காது. திறந்தால் புகை. கொஞ்சம் திறந்து, "அக்கா! அக்கா!" என்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுவிட்டு உடனே சாத்தினேன். இப்படியே பல தடவை. யாரும் வரவில்லை.

அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து, கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினாள். "நீ ஆடு. நான் பாக்குறேன். பாத்துக்கிட்டே இருந்தா... மூச்சு நெனப்பு வராது." மூச்சு திணறும்போது பதறாமல் எதையாவது பார்த்துக்கொண்டிரு என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

எங்கள் குடும்ப விசேஷங்களில் ரம்மி ஆடி வளர்ந்தவள் நான். கை சரியில்லையென்றால் முதலிலேயே ஸ்கூட் அடித்து, அந்த ஆட்டத்திலிருந்து விலகி, கொஞ்சம் பாயிண்ட்டோடு தப்பித்துவிடுவோம். இங்கேயும் அதையே செய்தேன். வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்தேன். அவள் அத்தனை நேரம் சேர்த்து வைத்திருந்த காயின் கரைந்துகொண்டே வந்தது.

"இது ரம்மி இல்லம்மா. ஸ்கூட்டே அடிச்சிட்டிருந்தா... உக்காந்த எடத்துலயே காலியாயிருவோம்."

ஜன்னலுக்குப் போனால் ஆட்டத்தில் என் முறை தானாகக் கடந்துபோகும். ஆட உட்கார்ந்தால் கீழே போகிற ஆளைத் தவறவிடுவேன். அந்த மேசையில் இருந்த யாருக்கும் என் முகம் தெரியாது என்பது ஒன்றுதான் நிஜம் மாதிரி இல்லை. நிஜமாக இருந்திருந்தால் ஒருவராவது எழுந்து, என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்.

திரும்பிப் பார்த்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. அதே நேரம் திரையில் கூட்டம் மறுபடியும் கைதட்டி ஆரவாரம் செய்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. ரிமோட்டைத் தேடாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சோற்றுக்குக் கூப்பிட்டாலே சண்டை பிடிக்கிறவள், தான் கடைசிச் சுற்றுவரை வந்திருந்த போட்டி போனதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

ஜன்னலை முழுசாகத் திறந்து கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

படியில் செருப்புச் சத்தம். தாழ் திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா. கையெல்லாம் மாவு. மகளைப் பார்த்ததும், "பாப்பா மருந்து எங்கங்க டீச்சர்?" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் இறங்கி ஓடி எடுத்துவந்தார். இரண்டு முறை உறிஞ்சிய பிறகு மகளின் தோள் மெல்லத் தணிந்தது. அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்பத்துலருந்து கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன் டீச்சர். உங்க வூட்டு டிவியில யாரோ கத்துறாங்கன்னு இருந்துட்டேன்."