கேத வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது

கேத வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும். எங்கள் பக்கத்துச் சடங்குகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாலை போட்டோமா, கும்பிட்டோமா, பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதோமா, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினோமா என்று இருக்கலாம். ‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்பார்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, எனக்கு வசதி. விடைபெறுவது என்றாலே எனக்கு எரிச்சல். கல்யாண வீட்டில்கூட, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பின்வாசல் வழியாக நழுவுகிற ரகம் நான்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் என் அய்யா. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் நெல் போட்டுக்கொண்டிருந்த விவசாயி. அவருக்குத் தெரிந்த கலை ஒன்றே ஒன்றுதான், கிளம்புவது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் எழுந்து நின்று ‘அப்ப வாரேன்’ என்பார். சொல்லிவிட்டு உட்காருவார். மறுபடி எழுவார். நிலைப்படியில் ஒரு தடவை, முற்றத்தில் ஒரு தடவை, தெருவுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தடவை. தொட்டிலில் தூங்குகிற பிள்ளையைக்கூட விடமாட்டார், சேலையை விலக்கிப் பார்த்து ‘தாத்தா வாரேன்’ என்று எழுப்பிவிட்டுத்தான் வருவார். அம்மா அதற்குள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வெந்துகொண்டிருப்பாள்.

“சொன்னது போதும், ஏறுங்க. அந்த வீட்டை எழுதி வாங்கிட்டுத்தான் வருவீகளா?” என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்துவதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

செல்போன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. “வச்சிரவா? வச்சிடுறேன். நீ வையி. இல்ல, நீ மொதல்ல வையி” என்று பேச்சைவிட முடிப்பது நீளும். நான் பட்டென்று துண்டித்துவிடுவேன். அடுத்த நிமிடம் மறுபடி அடிப்பார். ‘லைன் கட்டாயிருச்சு ஆத்தா. நான் இன்னும் சொல்லல’ என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், போன தை அறுவடை முடிந்த கையோடு, ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். அம்மா பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்து, காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போய் எழுப்பினாள். அவர் எழவில்லை. நோய் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, எண்பதைத் தாண்டிய வயது. பெரிய சாவு, கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. கொட்டு வைத்து, வெடி போட்டு, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, ஜோராகத்தான் அனுப்பினோம். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்வதற்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அதில் அய்யா சிரித்துக்கொண்டிருந்தார். அழுகைக்கு நடுவே எனக்கும் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிப்பு வராது என்று யார் சொன்னது? வேறெங்கும் வராத சிரிப்பெல்லாம் அங்கேதான் வரும்.

ஆனால் அம்மா மட்டும் ஒப்பாரி வைக்கவில்லை. கோபமாக இருந்தாள். ‘சொல்லாமப் போயிட்டீகளே’ என்று எல்லாப் பெண்களும்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அவர்களுக்கு அது பாட்டு, இவளுக்கு அது வழக்கு. வயலுக்குப் போகவே மூன்று இடத்தில் நின்று சொல்லிவிட்டுப் போகிற புருஷன், இத்தனை பெரிய பயணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குத்தானே போயிருந்தேன், ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருக்க மாட்டேனா என்று என்னிடம் கேட்டாள்.

தகனம் முடிந்த அன்று சாயங்காலம்தான் வினை ஆரம்பித்தது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. வந்தவர்கள் வழக்கப்படி, சத்தமில்லாமல் கழன்றுகொண்டிருந்தார்கள். அம்மா உள்ளறையில் பாயில் இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில், என் பெரியம்மா எங்கே என்று என்னிடம் கேட்டாள்.

“போயிட்டாகம்மா.”

“எப்ப?”

“அப்பவே.”

“உங்க சின்னய்யா?”

“அவுகளும்தான்.”

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “ஏ பிள்ள, நான் என்ன ஆளா, இல்ல இந்த வீட்டுத் தூணா? அவருதான் சொல்லாமப் போனாருன்னா, ஊரே அப்படிப் போகுமா? இனிமே யாரு போனாலும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போகணும். போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். சொன்னது யாரிடம் என்றால் என் அத்தையிடம், அய்யாவின் அக்காவிடம். சாயல்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கேதத்துக்கு வரும்போதே பிள்ளைகள் பசியில் கிடக்கும் என்று ஒரு சாக்குப் பனங்கிழங்கோடு வந்து இறங்கினவள். குணத்தில் தங்கம். ஆனால் சாங்கியம் என்று வந்துவிட்டால் அவளிடம் அப்பீல் கிடையாது. எந்தத் திசையில் தலை, யார் முதலில் வாய்க்கரிசி, எத்தனை நாளைக்குத் தாளிக்கக் கூடாது எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

“சொல்லிக்கிட்டுப் போறதுக்கு இதென்ன காதுகுத்து வீடா?” என்றாள் அத்தை. “அவளுக்கு மனசு சரியில்ல. நீயும் கூடச் சேந்து ஆடாத.”

கருமாதி வரைக்கும் இந்த இழுபறிதான். கேதம் கேட்க வருகிறவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அம்மா அவர்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை அம்மாவை முறைத்துக்கொண்டிருப்பாள். வந்தவர்கள் இருமுவார்கள், துண்டை உதறுவார்கள், கூரையைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து அப்படியே காணாமல் போய்விட்டவர்களும் உண்டு.

என் வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர். அதுதான் சிக்கலாகிவிட்டது. வேலைக்கு லீவு இல்லை என்று நடுவில் ஊருக்குக் கிளம்பினவர், பழக்க தோஷத்தில் உள்ளறையில் இருந்த அம்மாவை எட்டிப் பார்த்து, “அப்ப நான் வாரேன் அத்தை” என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“மாப்பிள்ள, திரும்பி வாங்க” என்றாள் என் அத்தை.

வந்தார். காலைக் கழுவச் சொன்னாள், கழுவினார். நாற்காலியில் உட்கார வைத்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், “இப்ப வாயத் திறக்காமப் போங்க” என்றாள். அந்த மனிதர் உதட்டை இறுக்கிக்கொண்டு, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடந்தார். நாங்கள் பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கினோம். வெளியே பந்தலில் இருந்தவர்கள் உள்ளே அழுகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அம்மா முகத்தில் முதல்முறையாகத் தெளிவைப் பார்த்தேன். “இந்த வீட்டுல ஒருத்தி இருக்கான்னு மருமகன் ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு” என்றாள். சொல்லிவிட்டு இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெளியூரில் குடியிருக்கும் என் தம்பி வேன் பிடித்துக்கொண்டு போய் ராமேஸ்வரத்தில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தான். பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது. சாப்பாடு ஆனதும், கருமாதிக்குத் திரும்பி வந்திருந்த சொந்தமெல்லாம் பைகளைக் கட்டியது. சாயல்குடிக்கூட்டமும் கிளம்பியது. அத்தை கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு முற்றத்தில் இறங்கியபோது, அம்மா உள்ளறையிலிருந்து எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மதினி, ஒண்ணு கேக்குறேன். ‘வாரேன்’னு சொன்னா இந்த வீட்டுக்கு இன்னொரு சாவு வரும்ங்கிறீக. வந்தா வரட்டும். அடுத்து நான்தான். நீங்க சொல்லாமப் போனா மட்டும் நான் போகாம இருந்துருவேனா? சாவு வந்துரும்னு பயந்து ஆளு வராமப் போயிட்டா நான் என்ன செய்ய? இம்புட்டுப் பெரிய வீட்டுல, யாரு வருவா, எப்ப வருவான்னு தெரியாம எப்படி இருப்பேன்?”

அவ்வளவுதான் கேட்டாள். அதுவரைக்கும் இது அய்யா மேலுள்ள கோபம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பயம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நழுவுவதில் சமர்த்தான எனக்கு, நழுவிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அத்தை அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்துவிட்டாள். அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பனங்கிழங்குச் சாக்கை எடுத்து அவள் பின்னாலேயே எறிந்திருப்பேன். அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் என் செல்போன் அடித்தது. அத்தை. போனில் பேசுவதென்றால் சாயல்குடி வரைக்கும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவள்.

“ஏ பிள்ள, உங்க ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வா. சுருக்க வா.”

“நீங்கதான மாசம் முடியுற வரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னீக?”

“நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், கூட்டிட்டு வா.”

பட்டப்பகலில், தெருவில் எல்லோரும் பார்க்க, அம்மாவை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் நிழற்குடையில் மொத்தச் சொந்தமும் நின்றுகொண்டிருந்தது. அத்தை நடுவில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“இங்கன வா” என்று அம்மாவைக் கூப்பிட்டாள். “அது கேத வீடு. அங்கன சொல்லக் கூடாது, நான் சொல்லவும் மாட்டேன். இது பஞ்சாயத்து கட்டுன நிழற்குடை. இங்கன யாரும் யார்கிட்டயும் என்னத்தையும் சொல்லிக்கலாம்.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? வரிசையா வந்து சொல்லுங்க” என்று அதட்டினாள்.

சொன்னார்கள். பதினாறு நாளாக வாய்க்குள்ளேயே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. பெரியம்மா, சின்னய்யா, கொழுந்தன்மார், அவர்கள் பெண்டாட்டிமார், எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்து ‘போயிட்டு வாரேன்’ என்றார்கள். அம்மா சும்மா விடவில்லை. ஒவ்வொருவரிடமும் “எப்ப வருவீக?” என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டுதான் அடுத்த ஆளிடம் போனாள். சின்னய்யா சமாளிக்கப் பார்த்துப் பிடிபட்டார். சிரிப்பும் கூத்துமாகிவிட்டது. புதிதாகப் பார்க்கிறவன் யாரோ வெளிநாடு போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பான். பெரியதொரு சடங்கைக் காப்பாற்றிவிட்ட பெருமையில், வாசலைத் தாண்டக் கூடாதென்ற அதைவிடப் பெரிய சடங்கை உடைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது. கட்டிக்கொண்டேன். “போடி அங்கிட்டு” என்றாள்.

பஸ் வந்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். கடைசியாக அத்தை எழுந்தாள்.

“ஏத்தா, போயிட்டு வாரேன். கண்மாய்ல மீன் பிடிக்கையில வந்துருவேன். விரால் வாங்கி வை.”

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் படியில் நின்று தட்டினார். “விடுத்தா, பஸ்ஸு போயிரும்” என்று அத்தை சிரித்துக்கொண்டே இழுத்தாள், அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது. நான்தான் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

பஸ் போன பிறகு இரண்டு பேரும் நடந்தோம். வெயில் நன்றாக இருந்தது. பாதித் தெரு வந்ததும் அம்மா நின்றாள்.

“பாத்தியா? உங்க அத்தை போயிட்டு வாரேன்னு சொன்ன உடனே கையப் புடிச்சுக்கிட்டேன். விட மனசே வரல.”

“பாத்தேன். பஸ்ஸே நின்னுச்சு.”

“உங்க அய்யா சொல்லியிருந்தா மட்டும் நான் விட்டுருப்பேனா?” என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கு நேரானது போன்ற ஒரு சிரிப்பு இருந்தது. “அதான் மனுசன் சொல்லாமப் போயிருக்காரு.”

நான் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

“நீ எப்பக் கிளம்புற?”

“நாளைக்கு.”

“வீட்டுலயே சொல்லிட்டுப் போ. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வேணாம்” என்றாள். “பயப்படாத, உன்னைய விட்டுருவேன்.”