அண்ணனிடம் கேட்காத சடையப்பன்

சடையப்பனைப் போல ஒரு வீம்புக்காரனை மந்தாரக்குப்பத்தில் நான் பார்த்ததில்லை. வாடகைக் கார் ஓட்டும் எனக்கு எத்தனையோ மனிதர்களைத் தெரியும். இவன் தனி ரகம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் கரியை வாரிப் போடுவான். அதே சுரங்கத்தில் அவன் அண்ணன் ராஜாங்கம் பெர்மனென்ட்.

இவர்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. மூத்தவன் என்று ராஜாங்கத்துக்குப் போனது. அவனுக்குக் குவார்ட்டர்ஸ், தம்பிக்கு வாடகை வீடு. அன்றைக்கு முறைத்துக்கொண்ட சடையப்பன், தன் மகள் காதுகுத்துக்குக்கூட அண்ணனைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குத்தியாயிற்று, பெரியப்பன் எதற்கு என்றான். என்ன மனுஷனோ!

போன வருஷம் அவனுக்கு முதுகு வலி வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்றார்கள். மாதக்கணக்கில் ஊசி, மாத்திரை எடுத்து நோய் நன்றாகவே அடங்கியது. "இதான் நல்ல சமயம். ரத்தத்தை உண்டாக்குற ஸ்டெம் செல்லை உடம்புல ஏத்தணும், தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான், பேச்சை முழுசாகக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டான். மருந்து வாங்கப் போயிருந்த அவன் மனைவி செங்கமலத்துக்கு எதுவும் தெரியாது.

என் காரில் ஏறியதும் வெடித்தான். "கூடப் பொறந்தவன்தான் செல்லு குடுக்கணுமாம் பாய், பக்கத்து பெட்டுக்காரருக்கு அவுரு தம்பி குடுத்தாராம். நான் ராஜாங்கத்தாண்ட போயி கையேந்தணுமா? இருந்த ஒரு வேலைய வாங்கிகினான். இப்ப உசுரயும் அவன்தான் குடுத்தான்னு ஊரு பேசிகினு இருக்கணுமா? நான் போய்ச் சேந்தாலும் சேருவனே ஒழிய கேக்கமாட்டேன்."

சொன்னபடியே செய்தான். அடுத்து வரச் சொன்ன தேதிக்குப் போகவில்லை. செங்கமலம் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணாங்க, நாளு கடந்தா நோய் திரும்பிடுமாம்ண்ணே. சொன்னா வுழுந்து கடிக்கிறாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராகக் குவார்ட்டர்ஸுக்கு வண்டியை விட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ராஜாங்கம் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "சாப்ட்டு வரலாமா, வெறும் வயித்தோட வரணுமா பாய்?" என்று மட்டும் கேட்டான்.

முன் சீட்டில் அண்ணனைப் பார்த்ததும் சடையப்பன் ஏற மறுத்தான். "நீ ஏறலன்னா நான் இந்த ரோட்டுலயே உக்காந்துடுவேன்" என்று செங்கமலம் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஏறினான். புதுச்சேரிக்கு வண்டியை விட்டேன்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுமே ராஜாங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டான். "எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்களுது வேண்டாங்க. பக்கத்து பெட்டுக்காரருக்கு வேற நோய். இவருக்கு இவரோட செல்தான். ஊசி போட்டு செல்லை ரத்தத்துக்கு வரவெச்சு, மெஷின்ல பிரிச்சு, உறைய வெச்சுடுவோம். அப்புறம் கடுமையான மருந்து குடுத்து மிச்சமிருக்குற நோயை அழிச்சிட்டு, அதையே திருப்பி ஏத்துவோம்."

"என்னுதேவா?" என்றான் சடையப்பன். திரும்பவும் கேட்டான். அட பாவி, இதற்காகவா சாகத் துணிந்தாய் என்று நான் கத்தியதில் நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். ராஜாங்கம் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "அப்ப நான் எதுக்கும் ஒதவ மாட்டனா சார்?" என்று அவன் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாம் டாக்டர் சொன்னபடி நடந்தது. செல்லை ஏற்றிய பிறகு வாயெல்லாம் புண், முடி கொட்டிப்போனது, தனி அறை, கண்ணாடிக்கு வெளியே நாங்கள். ரத்தத்தில் அணுக்கள் அடியோடு இறங்கின. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் உடனே வேண்டும், கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டு நர்ஸ் வந்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் ராஜாங்கம் எழுந்து நின்றான். மெஷினில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தவன், "தம்பிக்கிட்ட சொல்லாதீங்க, ஏத்துற ட்யூபப் புடுங்கிப் போட்டுடுவான்" என்றான். செங்கமலம் போனில் சொல்லிவிட்டாள். சடையப்பன் பிடுங்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நாங்கள் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில் என் போன் அடித்தது. சடையப்பன். "அண்ணனாண்ட குடு பாய்."

போனை ராஜாங்கத்திடம் கொடுத்தேன். ஸ்பீக்கர் போட்டேன்.

"அண்ணே, ரத்த அணுவெல்லாம் ஏறிகினு வருதாம். செல்லு புடிச்சிகிச்சாம். பொழச்சிக்கினேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ராஜாங்கம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நானே உன்னாண்ட வந்து கேட்டிருக்கணும்ண்ணே."

"நீ எதுக்குடா கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன் வாய்விட்டு அழுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.