தீர்த்தா பாடாத பாட்டு

தீர்த்தாவுக்குக் குரல் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் ஷிகா. பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், பேராம்பிரா பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, தீர்த்தா தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஷிகா திரும்பி, "நீ எங்க கிளாஸ்தானே? இன்னொரு தடவ பாடு டீ" என்றாள். மறுநாளிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. ஷிகாவே இழுத்துக்கொண்டுபோய் பாட்டுப் பொறுப்பிலிருந்த பிரசீதா டீச்சர் முன்னால் நிறுத்தியதில், உபமாவட்டப் பள்ளிக் கலைவிழாவுக்கான குழுப்பாட்டு அணியில் தீர்த்தாவுக்கு இடம் கிடைத்தது.

அதற்கு முன் அவளுக்குச் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள யாரும் இருந்ததில்லை. அதனால்தான், அம்மா ரஜிலா வேண்டாம் என்று தடுத்தும், ஒருநாள் பேருந்தில் ஷிகாவிடம் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஆட்டிசம் இருக்கு. பதினாலு வயசுல கோழிக்கோட்டு டாக்டர் சொன்னார்."

ஷிகா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னப் பார்த்தா அப்படித் தெரியலையே!"

"பார்த்தா தெரியாது."

"சரி, யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். சத்தியமா."

மழைக்காலம் முடிவதற்குள் அணி முழுவதற்கும் அது தெரிந்திருந்தது. அணித்தலைவி நிரஞ்சனா, காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். ஒருத்தி, ஆட்டிசம் இருந்தால் கணக்கில் புலி என்று எங்கோ கேட்டுவிட்டு, பெருக்கல் கணக்குச் சொல்லி விடை கேட்டாள். கணக்கில் எப்போதும் தட்டுத் தடுமாறித் தேறும் தீர்த்தா விழிக்க, "அப்ப உனக்கு அந்தப் பவரு வரலையா?" என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். இன்னொருத்தி, "தொட்டா கத்துவியாமே?" என்று விரல் நுனியால் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ சொன்னியா?" என்று தீர்த்தா கேட்டாள்.

"நான் ஏன் டீ சொல்றேன்? அவளுகளே ஊகிச்சிருப்பாளுக" என்றாள் ஷிகா.

தீர்த்தா நம்பினாள். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் நம்பவில்லை. ஷிகா சொன்னாள் என்பதால் நம்பினாள்.

விழாவுக்குச் சில நாள் இருக்கையில், ஒத்திகையின்போது மைக் திடீரென்று ஊளையிட்டது. தீர்த்தா காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். சத்தம் நின்றதும் வந்து, விட்ட இடத்திலிருந்து சுருதி பிசகாமல் பாடினாள். பிரசீதா டீச்சர் தலையாட்டி ரசித்தார். நிரஞ்சனா மட்டும் ஷிகாவைப் பார்த்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் ஷிகா ஃபோன் செய்தாள். "நம்ம ஐட்டம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போயிருக்கு. சாப்பிட்டுட்டு நிதானமா வா, போதும்."

பொன்னிழைக் கசவுக் கரை போட்ட பாவாடை, தலையில் பூ, நெற்றியில் சந்தனம் என்று அம்மா அலங்கரித்துக் கூட்டிவந்தாள். நாலாம் மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது மேளம்போல் கைதட்டல். மேடையிலிருந்து அவளுடைய அணி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் நிற்கவேண்டிய இடத்தில் அதே கசவுக் கரையில், அவளுடைய எண் அட்டையை மார்பில் குத்திக்கொண்டு, பக்கத்து வகுப்பு அனுஸ்ரீ.

ரஜிலாதான் முதலில் வாய் திறந்தாள். "என்ன டீச்சர் இது?"

பிரசீதா டீச்சர் திகைத்துப்போனார். "தீர்த்தா மோளுக்குக் காய்ச்சல், வரமுடியாதுன்னு ஷிகா சொன்னாளே! கடைசி நேரத்துல ஆளில்லாமத்தான் அனுஸ்ரீய இவ பேர்ல நிறுத்தினேன்."

எல்லாரும் ஷிகாவைப் பார்த்தார்கள். அவள் பாவாடைக் கரையைத் திருகிக்கொண்டு நின்றாள். நிரஞ்சனா குறுக்கே புகுந்தாள். "ஆன்ட்டி, இங்க எவ்வளவு சத்தம் பாருங்க! மேடையில காதப் பொத்தியிருந்தா எங்க எல்லாரோட ஏ கிரேடும் போயிருக்கும். இவளுக்கும் கூட்டம் ஆகாதில்ல? இவளுக்காகவும்தான் செஞ்சோம்."

தீர்த்தா அவளைப் பார்க்கவில்லை. "ஷிகா, ஏன் பொய் சொன்னே?"

"உன்கிட்ட நேரா சொன்னா சண்டை வரும்னு... அதோட, உங்களுக்கெல்லாம் இதுல அவ்வளவா வருத்தம் இருக்காதுன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன் டீ."

தீர்த்தாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எப்போதுமே அவள் முகத்தில் அவ்வளவாக எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து, தொண்டை கட்டிப்போகும்வரை அழுதாள். கதவுக்கு வெளியே ரஜிலா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டுக்கு முதல் பரிசு. அடுத்தது மாவட்டப் போட்டி. திங்கட்கிழமை காலை வழிபாட்டில் சான்றிதழ் கொடுத்தார்கள். பதிவில் இருந்த பெயர் தீர்த்தாவுடையது என்பதால் சான்றிதழிலும் அவள் பெயரே அச்சாகியிருந்தது. பள்ளி முழுவதும் அவளுக்குக் கைதட்டியது. பாடாத பாட்டுக்கு.

இடைவேளையில் ஷிகா ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. தீர்த்தா ஒரு கணம், மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத டீ. ஆள் மாத்தினது தெரிஞ்சா அணியவே ரத்து பண்ணிடுவாங்க. உன்னாலதான் எங்களுக்குப் பயமே. உங்களுக்குப் பொய் சொல்லவே வராதாமே? யாராவது கேட்டா எதுவும் பேசாம நில்லு, போதும். உனக்கும் சர்டிஃபிகேட் கிடைச்சாச்சு. உனக்கென்ன நஷ்டம்?"

"நான் அன்னிக்கு அழுதேன்" என்றாள் தீர்த்தா.

"சரி, சரி. சொல்லமாட்டேதானே?"

தீர்த்தா எழுந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே தலைமையாசிரியர் அறைக்குப் போய், சான்றிதழை மேசைமேல் வைத்து, "நான் பாடல சார். என் பேர்ல வேற ஆள் பாடினாங்க" என்றாள்.

அணி ரத்தானது. பிரசீதா டீச்சருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. வகுப்பில் தீர்த்தா நடந்தால் பேச்சு நின்றது. உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. "மெஷின் மாதிரி போய் ஒப்பிச்சிட்டு வந்திருக்கா. இவளுகளுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதுன்னு சும்மாவா சொல்றாங்க?" என்று நிரஞ்சனா சொன்னதற்கு ஷிகா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுக்குப் பரிந்து பேசியவர்கள் இன்னும் மோசம். ரஜிலாவைக் கூப்பிட்டனுப்பிய பிரசீதா டீச்சர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "அவமேல எனக்குக் கோபமில்ல. இந்தக் குழந்தைங்க பாவம், உண்மையத் தவிர வேற பேசத் தெரியாது."

"என் மோளுக்கு நல்லாவே பொய் சொல்ல வரும் டீச்சர்" என்றாள் ரஜிலா. "பல்லே தேய்க்காம தேய்ச்சாச்சுன்னு எத்தன நாள் என்ன ஏமாத்தியிருக்கா!"

டீச்சர் சிரித்தார். பக்கத்தில் நின்ற தீர்த்தா சிரிக்கவில்லை.

"கோபத்துலதான் டீச்சர் சொன்னேன். அவங்களுக்கும் அந்தப் பரிசு போகட்டும்னுதான் சொன்னேன்."

"இல்ல மோளே, உனக்கு அப்படியெல்லாம் தோணாது" என்று டீச்சர் கன்னத்தைத் தட்டினார். ஏமாற்றியது ஷிகா, சரி. ஆனால் தன் கோபத்தைக்கூடத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள அந்தப் பள்ளியில் ஒருவரும் இல்லை என்பதுதான் தீர்த்தாவுக்கு ஆறவே இல்லை. படிப்பு முடியும்வரை கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

இப்போது வடகரையில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறாள். ஊர் நூலகத்துப் பாட்டுக்குழுவில் சேர்ந்த முதல் நாளே, ஹார்மோனியத்தைத் திறக்கும் முன், எல்லார் முன்னாலும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டாள். இனி யாரும் ரகசியமாகத் தூக்கிக்கொண்டு போவதற்கு அதில் ஒன்றுமில்லை. அந்தக் குழுவில் அவளுக்கு நெருக்கமானவர்கள் என்று யாரும் கிடையாது. பாடி முடித்ததும் சுலைமானி டீ குடித்துவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள்.

போன சிங்ங மாதம், அதாவது ஆவணியில், ஷிகாவுக்குக் கல்யாணம். வீட்டுக்கு நேரில் வந்து அழைத்தாள். தீர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அவசியம் வரணும். நமக்குள்ள பழசெல்லாம் இருக்கா என்ன? நீ எதையும் மனசுல வச்சுக்கற ஆளில்லையே" என்றாள்.

தீர்த்தா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வச்சிருக்கேன்" என்றாள்.

ஷிகா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்துக்கு ரஜிலா மட்டும் போய்வந்தாள்.