பறவைக்கு நான் போட்ட பூஜை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு குடித்தனம் இருந்தது. இப்படிச் சொன்னால் என் பெண் சிரிக்கிறாள். ‘அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா’ என்று அதற்கு ஏதோ பெயர் சொல்கிறாள். நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். எனக்குப் புரிந்த விதத்தில்தானே நான் சொல்ல முடியும்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மார்க்கெட்டில் பூஜைச் சாமான் கடை. வீடு இரண்டு போர்ஷன். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் ஒரு டீச்சரம்மா. அவர்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தால் மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடம், மிச்ச நேரத்துக்குத் தையல் மெஷின். கேட் ஒன்று, தண்ணீர் மோட்டார் ஒன்று.

அண்ணன் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவன்தான். ஒரு நாள் காலேஜிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்து, இருந்த ஒரே கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரித்துவிட்டான். அம்மா பதறிப்போனாள்.

“ஏன்டா, நல்லா இருந்ததை எதுக்குடா ரெண்டாக்கின?”

“நம்ம வீடு மாதிரிதாம்மா. முன் போர்ஷன்ல விண்டோஸ், பின் போர்ஷன்ல லினக்ஸ்.”

“மோட்டார் யாரு போடுறது?”

“மோட்டார் ஒண்ணுதான். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் போட முடியும்.”

அம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் எந்தப் போர்ஷனுக்குப் போக வேண்டும் என்று பத்து நொடி அது கேட்கும். பதில் சொல்லாவிட்டால் தானாக முன் போர்ஷனுக்குப் போய்விடும். அண்ணனுக்கோ எப்போதும் பின் போர்ஷன்தான். அங்கே அவன் ஒரு பறவையின் படத்தை வைத்திருந்தான். கறுப்பும் வெள்ளையுமாக, தொப்பையோடு, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருக்கும். பென்குயின், லினக்ஸுக்கு அதுதான் சின்னம் என்றான். எனக்கு அதைப் பார்த்தால் பந்தி முடிந்தபின் வந்து சேர்ந்த விருந்தாளி மாதிரி இருக்கும்.

அண்ணனோடு சேர்ந்து புராஜெக்ட் செய்த சிநேகிதன் ஒருவன் உண்டு, இரும்புலியூர்க்காரன். டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து வரிசையாக ஆளைக் கூப்பிடுகிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும், அதுதான் புராஜெக்ட். இதை எந்தப் பாஷையில் எழுதுவது என்பதில் இரண்டு பேருக்கும் தினம் சண்டை. சிநேகிதன் விண்டோஸில் ஜாவாதான் என்பான். அண்ணன் லினக்ஸில் பைத்தான்தான் என்பான். பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று தெரிந்த நாளில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள்.

கடைசியில், ஆளுக்கொன்றாக எழுதுவது, எது முதலில் ஓடுகிறதோ அதைக் காலேஜில் காட்டுவது என்று ஏற்பாடு. ஓடவில்லை. ஒரு வாரமாக இரண்டுமே பாதியில் நின்றுகொண்டிருந்தன.

“உன் பறவை தூங்கிக்கினு கீது மச்சான். ஒரு தட்டு தட்டி எழுப்பு.”

“உன் ஜன்னலை முதல்ல தொறடா, அப்புறம் பேசு.”

இப்படி ஒருவன் மற்றவனுடைய கருவியைக் குறை சொல்வதிலேயே வாரம் போனது. விஜயதசமிக்கு மறுநாள் புராஜெக்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் ஆறு மாதம் உட்கார வேண்டும். அண்ணன் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையில் அன்றுதான் பொரியும் பூசணிக்காயும் மலைபோல் போகும் நாள் என்பதால் அப்பா காலையிலேயே பூஜையை முடித்துவிட்டுக் கிளம்புவார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று சரஸ்வதி படத்தையே அதன் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். என் புத்தகங்கள், அண்ணன் புத்தகங்கள், அருவாமணை, கத்தரிக்கோல், அப்பாவின் பேனா எல்லாம் முன்னால். கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. நல்ல நாளில் முகம் இருட்டாக இருக்கக் கூடாது என்று அம்மா சொல்லவே அண்ணன் அதைப் போட்டுவைத்தான். பதற்றத்தில் பத்து நொடியைக் கவனிக்கவில்லை. அது முன் போர்ஷனிலேயே திறந்துகொண்டது. விண்டோஸுக்கு எதிரே அப்பா கற்பூரம் காட்டினார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. எங்கள் வீட்டில் இதில் தள்ளுபடியே கிடையாது. எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அது.

பதினொரு மணிக்குச் சிநேகிதன் வந்தான். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அண்ணன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

“அம்மா, பூஜை போட்டது விண்டோஸுக்குத்தானே?”

“அதுக்கென்ன இப்போ?”

“லினக்ஸுக்குப் போடலையே. அது பின் போர்ஷன். டீச்சரம்மா வீட்ல இன்னிக்கும் தையல் மெஷின் ஓடுது. நீ போய் நிறுத்துன்னா சொல்றே?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பின்பக்கத்திலிருந்து தையல் மெஷின் சத்தம் நன்றாகவே கேட்டது. சாமி காரியத்தில் அம்மா யோசிக்காமல் எதையும் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரி. அந்தப் பக்கம் மட்டும். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க.”

“தெய்வமே!” என்று சிநேகிதன் அங்கேயே கும்பிட்டான். “அப்போ பாம்புதான் ஜெயிச்சிச்சு. இன்னா பண்றது.”

அண்ணன் லினக்ஸைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். கூடத்தில் நானும் பறவையும் மட்டும்.

அது என்னையே பார்த்தது. பக்கத்தில் புத்தகத்துக்கெல்லாம் பொட்டு இருந்தது. கத்தரிக்கோலுக்குக்கூட இருந்தது. வாசலில் அப்பாவின் பழைய சைக்கிளுக்கு இருந்தது. இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. பின் போர்ஷனில் இருந்தால் என்ன, டீச்சரம்மா வீட்டுக்கு அம்மா முதல் தட்டுப் பொரி அனுப்பவில்லையா?

குங்குமத்தைத் தொட்டு, திரையில் பறவையின் நெற்றி எங்கே என்று தேடி ஒரு பொட்டு வைத்தேன். கம்ப்யூட்டரைப் போடுகிற பட்டனில் ஒரு பொட்டு. ஒரு பிடி பொரி வைத்தேன். தாயே, எங்கள் அண்ணன் புராஜெக்ட் ஓட வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேன். பிறகு, பூஜை என்றால் மணி அடிக்காமல் எப்படி என்று, மணியை எடுத்து நன்றாகவே அடித்தேன்.

மூன்று பேரும் ஓடிவந்தார்கள். அண்ணன் கையில் சாம்பார் சாதம்.

“என்ன பண்ணினே?”

“இதுக்கும் பூஜை போட்டேன்.”

சிநேகிதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“முடிஞ்சிச்சு மச்சான். பாப்பா ரெண்டு போர்ஷனுக்கும் பூட்டு போட்டுச்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். சின்னக் குழந்தை விளையாட்டு, இது சேர்த்தி இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா என் பக்கம் குனிந்தாள்.

“மனசாரக் கும்பிட்டியா?”

“ஆமாம்மா.”

அம்மா நிமிர்ந்தாள். “அப்போ அது பூஜைதான்டா” என்றாள். சொல்லும்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். அழுகை நிற்கவில்லை. அண்ணன் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். மேஜை முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கம்ப்யூட்டரைத் தொடாமல் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, திரைக்கு மட்டும் அம்மாவின் பட்டுத்துண்டைப் போர்த்திவிட்டு என்னிடம் வந்தான்.

“சரி குட்டி, அழாதே. வா, கிளினிக் விளையாட்டு விளையாடலாம். நான்தான் கம்ப்யூட்டர். அம்மா டாக்டர்.”

“யாருடா டாக்டர்? எனக்குப் பொரிப் பொட்டலம் கட்டுற வேலை இருக்கு.”

“டாக்டர் பொரி கட்டிக்கிட்டே பார்க்கட்டும்.”

ஸ்டூல், முக்காலி எல்லாம் வரிசையாகப் போட்டோம். சிநேகிதனுக்கு மூன்றாம் நம்பர் டோக்கன், எனக்கு நான்கு. ஒன்றும் இரண்டும் என் பொம்மைகள். டாக்டர் அம்மா இரண்டு பொம்மைக்கும் நாடி பார்த்துத் தலைக்கு இரண்டு பொரி கொடுத்து அனுப்பினாள். அதற்குள் பின்பக்கத்து டீச்சரம்மாவுக்குச் சுண்டல் அனுப்ப மறந்தது ஞாபகம் வந்து, கிண்ணத்தைச் சிநேகிதன் கையில் கொடுத்தாள். அவன் போனான்.

“டோக்கன் நம்பர் மூணு!” என்றான் அண்ணன், மூக்கால் பேசுகிற குரலில், தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வருவதைச் சொல்கிற மாதிரி.

யாரும் வரவில்லை.

“டோக்கன் நம்பர் மூணு!”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அவன் விடவில்லை. கையைக் காலை விறைத்துக்கொண்டு மூணு, மூணு, மூணு என்றான். என் முறை வரவேயில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்டா தொண்டையைக் கிழிச்சுக்கறே? மூணாம் நம்பர்தான் பின்னாடி போயிருக்கானே. குழந்தை எவ்வளவு நேரம் உட்காரும்? நாலைக் கூப்பிடு. அவன் வந்தா அப்புறம் பார்த்துக்கலாம்.”

அண்ணன் விறைத்தபடியே நின்றான். இப்போது அது விளையாட்டில்லை.

“அம்மா, இன்னொரு தடவை சொல்லு.”

“என்னத்தைச் சொல்றது? இல்லாதவனுக்காக இருக்கறவங்க ஏன் காத்துக் கிடக்கணும்?”

அண்ணன் கொல்லைப்புறம் ஓடினான். சுவரோரம் இரண்டு பேரும் கத்துவது கேட்டது.

“உன்னுது எங்கேடா நிக்குது? உண்மையைச் சொல்லு!”

“கூப்டவன் வராட்டி நின்னுக்கும். உன்னுது?”

“என்னுதும் அங்கேதான்டா!”

ஒரு வாரமாக ஒருவன் பறவையைத் திட்டினான், ஒருவன் ஜன்னலைத் திட்டினான். பிழை இரண்டு பேர் தலைக்குள்ளும் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது. எழுதிவைக்கப் பேனாவைத் தொடக் கூடாது என்பதால் அன்று முழுவதும் இருவரும் அதை ஸ்லோகம் மாதிரி வாயால் சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றினார்கள். அம்மா பொரி கட்டிக்கொண்டே இடையிடையே டாக்டராகத் திட்டினாள். டோக்கன் தொலைத்தவன், அவசரம் என்று வந்த கர்ப்பிணி, பேர் சொல்லாமல் நிற்கும் கிழவர் என்று ஒவ்வொருவராக நான் நடித்தேன். அவ்வளவு சிரித்த பூஜை நாள் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு வரவில்லை.

விஜயதசமி காலையில் அப்பா மறுபூஜை செய்து பூவை எடுத்தார். சிநேகிதன் தலைகூடத் துவட்டாமல் வந்திருந்தான். மத்தியானத்துக்குள் முதலில் லினக்ஸில் ஓடியது. பிறகு விண்டோஸில் ஓடியது.

“ரெண்டு போர்ஷன்லயும் தண்ணி வருது மச்சான்!” என்று அவன் கத்தியதில் டீச்சரம்மா நிஜமாகவே மோட்டாரைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் இரண்டையும் காட்டினார்கள். நல்லபடியாக முடிந்தது. எல்லாம் பறவை கொடுத்தது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்.

இப்போது சிட்லபாக்கத்தில் என் வீட்டில் ஆயுத பூஜைக்கு என் பெண்ணின் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் அந்த விஜயதசமிக் காலை நினைவுக்கு வரும். கம்ப்யூட்டரைப் போடும் பட்டனில் நான் வைத்த குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணன் அதைத் துடைக்கவில்லை. அப்பாவின் பேனாவை எடுத்து, மூடியின் நுனியால், பொட்டு கலையாமல் ஓரத்தில் மெல்ல அழுத்தினான். ஒரு விரலை வைத்து முந்தின நாளே அழுத்தியிருக்கலாம். அழுகிற ஒன்பது வயதுப் பெண்ணையும், பொரி கட்டுகிற அம்மாவையும் தவிர அவனைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

அண்ணனுக்கும் பென்குயினிடம் பயம்தான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.