பல்லுக்காரியின் கவசம்

பல்செட் செய்யும் கூடத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிஞ்சுவதில்லை. எவ்வளவு பெரிய மனிதரும் அவள் மேசைக்கு பிளாஸ்டர் தாடையாகத்தான் வந்து சேர்ந்தார். சொத்தை, கோணல், தேய்மானம். வேறு என்ன தெரியவேண்டும்?

முதுகுவலிக்காக முப்பத்தாறாவது வயதில் குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே அவள் பெயர் பல்லுக்காரி. அந்தக் கும்பலில் தனக்காவது சொல்லிக் கூப்பிடும்படி ஒரு பிழைப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

குத்து விழும்போது பல்லைக் காக்கும் கவசத்தை ஒவ்வொருவர் வாய்க்கும் பொருத்துவது பயிற்சி தரும் மாஸ்டரின் வேலை. மின் கெட்டிலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிய ரப்பர் கவசங்களைப் போட்டு, கரண்டியால் எடுத்து நீட்டுவார்.

"நறுக்குனு கடி! இன்னும்!"

வரிசையில் நின்று கடித்தார்கள். கடித்த இடம் காகிதமாக மெலிந்தது. குத்தைத் தாங்க வேண்டியதே அந்த இடம்தான்.

"மாஸ்டர், இவ்வளவு நேரம் போட்டா கூழாயிடும். லேசா கடிச்சு, உள்ளுக்கு உறிஞ்சி, வெளியில விரலால அழுத்தணும்."

"நீ பல்லச் செய், பல்லுக்காரி. நான் ஆளச் செய்றேன்."

அவள் தன் கவசத்தைத் தானே செய்துகொண்டாள். கூடத்து அலமாரியில் அவளுடைய தாடை அச்சு இருந்தது. அதன்மேல் இரண்டடுக்குப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து, ஓரத்தை ஈறு வரை வெட்டி, கண்ணாடியாக மெருகேற்றினாள்.

"உன் வாய்க்கு எதுக்குடி கவசம்? எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தான் வேணும்" என்றான் கணவன்.

நான்கு மாதம் அதைப் போட்டுப் பயிற்சி செய்தாள். கவசத்தோடு இருக்கையில் வாயே திறக்கவில்லை. திறந்து பேசும் அளவுக்கு அங்கே யார் இருந்தார்கள்?

ஒரு ஞாயிறு காலையில் முதல் போட்டி. மேடையேறுமுன் நடுவர், "வாயத் திறங்கம்மா" என்றார். திறந்தாள். கவசம் தொபுக்கென்று கையுறைமேல் விழுந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி விழுந்தது.

"கடிச்சிக்கிட்டே ஆடிடுறேன் சார்."

"மூச்சு வாங்கறப்ப தொண்டைக்குள்ள போயிடும். வேற இருந்தா போட்டுட்டு வாங்க. அஞ்சு நிமிஷம். இல்லன்னா ஆட்டம் கிடையாது."

நாக்கால் தடவிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கடைவாய்ப் பல்லின்மேல் மாட்டிய ஓர் உறை. போன வருடம் தன் கையாலேயே செய்துகொண்டது. அலமாரி அச்சோ அதற்கும் முந்தையது; அந்த உறை அதில் இல்லை. இப்படிப் பழைய அச்சை அனுப்பும் மருத்துவர்களைப் போனில் கூப்பிட்டு, "டாக்டர், இது செத்தவங்க வாயா?" என்று கேட்பவள் அவள்.

மாஸ்டர் பிளாஸ்க்கோடும் ஒரு புதுப் பொட்டலத்தோடும் வந்தார்.

"தண்ணி சூடா இருக்கு. நீ சொன்ன மாதிரியே கடிச்சுக்க. நான் ஒரு வார்த்தை பேசல."

இரண்டு நிமிட வேலை. அவளைவிட அது யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் பின்னால் வகுப்புக்காரர்கள் நான்கு பேர் தங்கள் கூழ்க் கவசங்களை மென்றபடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அந்த ரப்பர என் வாயில வைக்கிறதா?"

"நாலு மாசம் உழைச்சிருக்க, பைத்தியமே."

"வேண்டாம் மாஸ்டர்."

அவர் பிளாஸ்க்கை மூடினார்.

ஐந்து நிமிடம் முடிந்ததும், ஆட்டமே இல்லாமல், நடுவர் எதிராளியின் கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பேர் கைதட்டினார்கள். ஜெயித்தவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். கயிற்றைத் தாண்டி நேராக இவளிடம் வந்தாள்.

"என்னக்கா இது? இந்த எடையில, இந்த வயசுல எனக்கு வேற ஆளே கிடைக்கல. ஆறு மணி நேரம் பஸ்ல வந்திருக்கேன். என்னோட ஆட மாட்டேன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?"

பல்லுக்காரி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை அவளுடைய கீழ்வரிசைப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.