ஆயுத பூஜையில் ஓய்வெடுத்த ஃப்ரீசர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பண்டமாரானில், துறைமுகத்துச் சரக்குகளை விமானத்துக்கும் லோரிக்கும் மாற்றி அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். மீன், மருந்து, பூச்செடி என்று எதெதற்கோ ஃபாரம் எழுதியிருக்கிறேன். எரியும் பனிக்கட்டி வந்தது அந்த ஒரு முறைதான்.

ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழ்கடலின் அடியிலிருந்து எடுத்துவந்த சேறு அது. நடுநடுவே வெள்ளையாக ஐஸ் தெரிந்தது. கூட வந்த ஆராய்ச்சியாளர் பினாங்குச் சீனர், பேச்சில் சிக்கனம் பிடிப்பவர். பாக்கு அளவுக்கு ஒரு துண்டைக் கிள்ளி எங்கள் வாசல் சிமெண்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். ஐஸ் எரிந்தது. எரிந்து முடிந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. உள்ளே அடைபட்டிருப்பது மீத்தேன் வாயு, குளிர் குறைந்தால் பல மடங்கு விரிந்து வெளியேறும், அதற்கு வாசனை கிடையாது என்றார். எண்ணெய் குறைந்தால் உலகம் இதைத்தான் தோண்டப் பார்க்கும் என்றும் சொன்னார்.

விமானத்தில் இடம் கிடைக்கும்வரை வைப்பதற்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். குளிர்லோரி பழுதுபார்க்கும் இடம். அதன் முதலாளியை நாங்கள் எல்லாருமே அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். பின்னால் ஜன்னல் சாத்திய சின்ன அறையில் பெரிய டீப் ஃப்ரீசர் ஒன்று வைத்திருந்தார். சேற்றை அதில் வைத்துவிட்டு, ஐஸ் எரியும் கதையைச் சொன்னேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்தார்.

"விளையாட்டு இல்லண்ணே. இப்ப உங்க கடையில இதுதான் முக்கியமான மெஷின். பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆயுத பூஜை. பொரிகடலை கிடைக்குமே என்று காலையில் போனேன். வெல்டிங் மெஷினிலிருந்து ஸ்பேனர்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்பட்டிருந்தன. அண்ணன் கற்பூரத் தட்டுடன் பின்னறை வாசலில் நின்றார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் கைகூப்பி நின்றார்கள். ஃப்ரீசருக்குத்தான் இருப்பதிலேயே பெரிய செவ்வந்தி மாலை.

எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் அந்தப் பெட்டியிடமிருந்து சத்தமே இல்லை. விசிறியும் ஓடவில்லை, ஜன்னலும் திறந்திருக்கவில்லை. ஆனால் மூடியின் விளிம்பில் மாலையின் இதழ்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. நான் குறுக்கே கை நீட்டினேன்.

"அண்ணே, உள்ள போகாதீங்க. ஃப்ரீசர எப்ப அடைச்சீங்க?"

"நேத்து சாயந்திரமே ஓஃப் பண்ணிட்டேன்மா. முக்கியமான மெஷின்னு நீதானே சொன்ன? அதுக்குத்தான் மொத பூஜை."

"கேஸ் வெளிய வருதுண்ணே. கற்பூரத்த அணைங்க."

"கேஸ் நாத்தமே இல்லையே லா" என்றார். அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். ஆனாலும் சாமிக்கு ஏற்றியதை ஊதி அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. தட்டை ஒரு கையில் தாங்கி, மறு கையால் சுடரை மறைத்தபடி திரும்பி நடந்தார். அவசரமில்லாத நடை. எங்களைத் தாண்டி, ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி, சாலையோரம் நின்ற தன் லோரிக்கு முன்னால் போய் நின்று, அதற்கு மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் தட்டைத் தரையில் வைத்தார்.

ஆட்களில் ஒருவர் சட்டென்று ஃப்ரீசர் சுவிட்சைப் போடப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். சுவிட்சில் தெறிக்கும் பொறி போதும் என்று பிறகுதான் விளக்க முடிந்தது. வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரும் சாலையில் நின்றோம்.

ஆராய்ச்சியாளர் வந்து, அறை நன்றாகக் காற்றாடியபின் மூடியைத் திறந்தார். சேறு சோடா மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது. இனி அனுப்பிப் பயனில்லை என்றார். கற்பூரம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். கோபிக்கவில்லை. கடலுக்கடியில் இது ஏராளமாக இருக்கிறது, குளிரும் அழுத்தமும் இருக்கும்வரை சும்மா கிடக்கும், கடல் சூடானால் தானாக வெளியேறி உலகத்தை இன்னும் சூடாக்கும் என்று மட்டும் சொன்னார். தோண்டுவதற்காக ஆராய்பவரே அதற்குப் பயப்படுகிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

நான் அங்கே வேலை பார்த்தவரை ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்த ஃப்ரீசருக்கு அண்ணன் மாலை போட்டார். ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கும். கற்பூரம் மட்டும் வெளியில், லோரிக்கு முன்னால்.

கடலடியிலிருந்து இந்த வாயுவை எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், சுடரை மறைத்தபடி நடந்துபோன அவர் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவருக்குத் தட்டோடு வெளியே போக ஒரு சாலை இருந்தது, கடலே சூடாகிவிட்டால் நாம் எல்லாரும் எந்த வாசல் வழியாக வெளியே போவோம் என்று எனக்குத் தெரியவில்லை.