இன்பராஜின் கையில் கொடுத்த குழாய்

வேலூருக்குக் கடல் கிடையாது. ஆகவே கடல் நண்டின் ரத்தம் பார்சலில் வருகிறது. அந்தக் குதிரைலாட நண்டு உண்மையில் நண்டே இல்லையாம். போகட்டும், நம் ஊரில் பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் யார் பார்க்கிறார்கள்? அதன் நீல ரத்தம், கிருமியின் நஞ்சு துளி பட்டாலும் உறைந்துவிடும். அதைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள்.

டயாலிசிஸ் நிலையமொன்றில் அந்தப் பொடியை வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது மெர்சியின் வேலை. இரண்டையும் கலந்து, கண்ணாடிக் குழாயை ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்துக் கவிழ்க்க வேண்டும். உறைந்து நின்றால் நஞ்சு. வழிந்தால் நல்ல தண்ணீர். இடையில் தொடவே கூடாது. பாதி உறைந்தது கலைந்தால் மறுபடி சேராது.

அவள் கணவன் இன்பராஜ், பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரித்தவன். கட்டை விரலால் தேய்க்காமல் ஒரு தோலையும் ஒப்புக்கொண்டதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் சோபாவையும் தேய்த்துப் பார்த்து, "ரெக்சின்" என்றவன். சிறுநீரகம் கெட்டபின் மெர்சியின் நிலையத்திலேயே நோயாளி.

அன்று தண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருந்ததால், சோதனை முடியும்வரை மெஷின்கள் ஓடவில்லை. இன்பராஜுக்கு மூச்சு இரைத்தது.

"எனக்கு இந்தத் தண்ணி மேல நம்பிக்க இல்ல மெர்சி. போன தடவயே குளிர் ஜாஸ்தி."

"அதுக்குத்தான நண்டு பாக்குது."

"நண்டு பாத்தா நா பாத்த மாதிரியா? கைல குடு."

அவன் கண்ணில் பயம் தெரிந்தது. பாதி நேரத்தில் எடுத்துக் கொடுத்தாள். சாய்த்தான், திருப்பினான், கண்ணாடியைக் கட்டை விரலால் தேய்த்தான்.

"தண்ணியாதான் கீது" என்று சமாதானமானான்.

நேரம் முடிந்ததும் கவிழ்த்தாள். வழிந்தது. முதல் ஆளாக அவனைத்தான் படுக்க வைத்தார்கள்.

சற்று நேரத்தில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. மெர்சி ஓடிப்போய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். எல்லா மெஷின்களையும் நிறுத்தினார்கள். மிச்சத் தண்ணீரை மறுபடி சோதித்தாள். இந்த முறை யாரும் தொடவில்லை. தலைகீழாகப் பிடித்தும் அசையாமல் நின்றது.

ஐசியூவில் இன்பராஜ் கேட்டான்: "நா தொட்டதாலயா?"

"இல்லங்க. மறுபடி பாத்தேன், நல்ல தண்ணிதான்."

"அப்ப என் ஒடம்புதான் மோசம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது."

நிம்மதியாகக் கண்ணை மூடினான். மறுநாள் மதியம் இறந்துபோனான்.

கல்லறைத் தோட்டத்தில் இன்பராஜின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ பாத்து அனுப்புற தண்ணின்னுதாம்மா எம் புள்ள பயமில்லாம படுத்தான்."

மெர்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை.